காற்று நின்றால் கை ஓங்குகிறவர்

என் கணவருக்கு இடது முழங்கை இன்றைக்கும் முழுதாக மடங்காது. சட்டை போடும்போது அந்தக் கையைத்தான் முதலில் நுழைப்பார். இரும்புக் கம்பியால் அதை அடித்து முறித்தவரைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் சங்கரன்கோவிலில் நாங்கள் குடியேறிய வீட்டுக்கும் அவருடைய தறிக்கூடத்துக்கும் ஒரே சுவர். நான் தொடக்கப் பள்ளியில் டீச்சர். என் கணவர் சண்முகத்துக்கு நூல் கடையில் வேலை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை சுவருக்கு அந்தப் பக்கம் பத்து விசைத்தறிகள் அடிக்கும். முதல் வாரம் தலைவலியில் அழுதேன். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. எங்கள் கைக்குழந்தை அந்தச் சத்தம் இருந்தால்தான் தூங்கும் என்ற நிலைக்கு வந்தது.

ஊரில் அவருக்குக் கப்பல்காரர் என்று பெயர். நேரில் எல்லோருக்கும் அண்ணாச்சி. கடலைப் பார்க்க வேண்டுமானால் தூத்துக்குடிக்குப் பஸ் ஏற வேண்டிய இந்த ஊரில் பிறந்து, இருபது வருடம் சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் எண்ணெய் போட்டவர். அட்லாண்டிக் கடலில், ஆப்பிரிக்காவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவில் போய் வந்துகொண்டிருந்தவர். குட்டையான ஆள். கழுத்து தோளைவிட்டு வெளியே வராது. ஆவி பட்டு வெந்த தழும்பு ஒன்று காதிலிருந்து மார்புக்கு இறங்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

அந்தக் காலத்தில் கரண்ட் சொல்லாமல் கொள்ளாமல் போகும். பத்துத் தறியும் ஒரே மூச்சில் நிற்கும். மற்ற தறிக்கூடங்களில் ஆட்கள் மின்சார ஆபீஸைத் திட்டிக்கொண்டு வெளியே வந்து பீடி பற்ற வைப்பார்கள். இவர் கூடத்தில் அது நடக்காது.

"கதவைச் சாத்துங்கலே! ஒருத்தனும் வாசலைத் தாண்டக் கூடாது!"

நாங்கள் வந்த புதிதில் மாடசாமி என்ற தறிக்காரர் சிரித்துக்கொண்டே வாசலைத் தாண்டினார். கப்பல்காரர் தறியிலிருந்து நாடாவை உருவி வீசினார். ஒரு முழ நீளத்தில், இரண்டு முனையிலும் இரும்பு பதித்த மரக்கட்டை அது. மாடசாமியின் பின்மண்டை பிளந்தது. சத்தம் கேட்டு நான் வெளியே வந்தபோது, அடித்த அதே ஆள் மாடசாமியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிக்கொண்டிருந்தார். சட்டை முழுதும் ரத்தம். ஓடிக்கொண்டே திட்டினார்.

"நின்னுட்டுன்னு நம்புனியால? சத்தம் நின்னா எல்லாம் நின்னுட்டுன்னு அர்த்தமா?"

நான்கு தையல். மறுவாரம் மாடசாமி அதே தறிக்குத் திரும்பி வந்தார். ஏன் போகிறீர்கள் என்று கேட்டேன். "அடிக்கும்போதுதான் டீச்சர் மனுசன் அப்படி. மத்த நேரம் தங்கம்" என்றார். கூடத்தில் ஒரு வழக்கமும் உண்டாயிற்று. கரண்ட் போனால் ஆட்கள் கையில் கிடைத்த கட்டையை எடுத்துத் தறியின் சட்டத்தைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். அவர் நெஞ்சு தணியும் வரை தட்டுவார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒருமுறை அவரை என் ஐந்தாம் வகுப்புக்கு அழைத்துப் போனேன். பூகோளப் பாடத்தில் கடல் வந்தது. கடலைக் கண்டவர் ஒருவர் பேசட்டும் என்று நினைத்தேன். கரும்பலகையில் இரண்டு நிலத்தை வரைந்து நடுவில் கையை வைத்தார்.

"இதுதான் அட்லாண்டிக். ஆவணி மாசம் ஆப்பிரிக்கா கரையிலேர்ந்து மேகம் மந்தை மந்தையா கடல்ல எறங்கும். கீழ தண்ணி சூடா இருந்தா அந்தச் சூட்டைக் குடிக்கும். குடிச்சுக் குடிச்சுப் பெருத்துச் சுத்த ஆரம்பிச்சிட்டுன்னா புயல். சில வருசம் பாலைவனத்துத் தூசி பறந்து வரும். நடுக்கடல்ல, கப்பல் மேல்தட்டுல, நம்ம வாசுதேவநல்லூர் ரோட்டுப் புழுதி மாதிரி கெடக்கும். அந்த வருசம் புயல் கம்மி. தூசி இல்லாம வானம் கழுவிக் கவுத்த மாதிரி இருக்கும் பாருங்க, அந்த வருசந்தான் பயம்."

எஞ்சினைக் குளிர்விக்கக் கடல் தண்ணீர் ஒரு பெரிய குழாய் வழியாக உள்ளே வருமாம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் சூட்டைப் பார்த்து நோட்டில் எழுதுவது அவர் வேலை.

"இருவது வருசம் எழுதியிருக்கேன். கருவி வேண்டாம், குழாயைத் தொட்டாலே சொல்லிருவேன். நான் சேர்ந்த காலத்துல வெதுவெதுன்னு இருக்கும். வருசா வருசம் புயலு. நான் கப்பலை விட்டு எறங்குற சமயம் தண்ணி குளிர ஆரம்பிச்சிட்டு. புயலும் கொறைஞ்சு போச்சு."

முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "அப்படின்னா இனிமே பயமில்லையா மாமா?" என்று கேட்டான்.

நாற்பது பிள்ளைகளும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். வகுப்பில் ஒரு சத்தமில்லை. அவர் பிரம்பை எடுத்து மேஜையில் ஓங்கி அடித்தார். "சத்தம் போடுங்கலே! ஏம்லே சும்மா இருக்கீய? சத்தம் போடுங்க!" பிரம்பு மூன்றாகத் தெறித்தது. பிள்ளைகள் அலறினார்கள். ஓடி வந்த தலைமையாசிரியரைச் சுவரோடு சேர்த்துத் தள்ளிவிட்டு வெளியே போனார். எனக்கு எழுத்தில் கண்டிப்பு வந்தது.

சாயங்காலம் என் வீட்டு வாசலில் நின்றார். கண் சிவந்திருந்தது.

"டீச்சர், அந்தப் பயலுக்குப் பதில் சொல்லாம வந்துட்டேன். கடலு மூச்சு விடுது டீச்சர். ஒரு மூச்சு இருவது வருசம், முப்பது வருசம். இப்ப உள்ள இழுத்து வச்சிருக்கு. அடங்கிட்டுன்னு நெனைச்சு அங்கன அமெரிக்காக்காரன் கரையோரமா வீடு கட்டிக்கிட்டு இருக்கான். அது மறுபடியும் விடும். என்னைக்குன்னு எனக்குத் தெரியாது. ஆனா விடும். நாளைக்கு அவன்கிட்ட சொல்லிருங்க."

சொன்னேன். பையன் தலையை ஆட்டினான். அவனுக்குப் பிரம்பு உடைந்ததுதான் ஞாபகம் இருந்தது.

அடுத்த மாசியில் ஒரு முற்பகல், வெள்ளைச் சட்டை போட்ட நாற்பத்தைந்து வயது ஆள் ஒருவர் கடையநல்லூர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகத் தறிக்கூடத்துக்கு வந்தார். அன்று ஞாயிறு. நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன்.

"நான் காதரோட அண்ணன்" என்றார் வந்தவர். "உங்க கப்பல்ல இருந்த ஒரு ஆளு போன வாரம் எங்க ஊருக்கு வந்தான். அலை அடிச்சுட்டுப் போயிட்டுன்னு எங்களுக்கு எழுதுனீய. கதவைச் சாத்துனது நீதானாமே?"

"நான்தான்" என்றார் கப்பல்காரர்.

சுவரோரம் தறிக்கட்டைகள் அடுக்கியிருந்தன. வந்தவர் ஒன்றை உருவிக் கப்பல்காரர் முகத்தில் அடித்தார். தறிக்காரர்கள் பாய்ந்து வந்தார்கள். "எவனும் கிட்ட வரக் கூடாது!" என்று இவர் கத்தினார். ஊரையே அடிக்கிற அந்த இரண்டு கைகளும் தொடையோடு ஒட்டித் தொங்கின. கட்டை முறியும் வரை வந்தவர் அடித்தார். பிறகு கையால் அடித்தார். பல் ஒன்று மண்ணில் விழுந்தது. எங்கள் குழந்தை வீறிட்டது. கடைசியில் அடித்தவர்தான் தெருவில் உட்கார்ந்து அழுதார்.

"தட்டுனானா? அது ஒண்ணு மட்டும் சொல்லு. எங்க உம்மா தினமும் கேக்குது. என் தம்பி கதவைத் தட்டுனானா?"

இவர் வாயிலிருந்து ரத்தம் வடிந்ததே தவிர ஒரு சொல் வரவில்லை. அண்ணன் எழுந்து, வந்த வழியே பஸ்ஸுக்குப் போனார்.

நான் டிஞ்சரும் பஞ்சும் எடுத்துக்கொண்டு போனேன். காயத்தைத் துடைக்கும்போது அவராகவே சொன்னார்.

"ரெண்டு நாளு அடிச்சிது டீச்சர். கப்பல் குப்புற விழுந்து விழுந்து எந்திரிக்குது. பொறவு நின்னுட்டு. சட்டுன்னு. வானத்துல வட்டமா ஓட்டை போட்ட மாதிரி வெளிச்சம். பறக்கத் தெம்பில்லாம எங்கேயிருந்தோ பறவையா வந்து மேல்தட்டுல விழுது, ஆயிரக்கணக்குல. மேல சரக்கு அறையோட மூடி ஒண்ணு பிஞ்சு கெடந்துது. கட்டிட்டு வாரேன்னான் காதர். கதவைத் திறந்து விட்டது நான். 'நின்னுட்டுலே, போயிட்டு வா'ன்னு சொன்னதும் நான். கால் மணி நேரங்கூட இல்ல. புயலுக்கு நடுவுல இருக்க ஓட்டை அது. அது தாண்டுனா அடுத்த பக்கம் இருக்கும்லா? கறுப்பா கோயில் மதிலு மாதிரி வந்துது. வாசல் வழியா தண்ணி இடுப்புக்குப் பாயுது. கீழ பத்தொம்பது பேரு. எஞ்சின்ல தண்ணி எறங்குனா அத்தனை பேரும் காலி. இழுத்துச் சாத்தித் திருகிட்டேன்."

அந்த அண்ணன் கேட்ட கேள்வி என் நாக்கு நுனியில் நின்றது. கேட்கவில்லை.

அதே வருடம் கார்த்திகையில் வங்கக் கடலில் புயல் என்று ரேடியோ சொன்னது. கரையில் இருக்கிறவர்களுக்கல்லவா அது, நமக்கு மழை கிடைக்கும், குளம் பெருகும் என்று ஊர் சந்தோஷப்பட்டது. மத்தியானம் கப்பல்காரர் எங்கள் வீட்டுக்குள் வந்தார். கேட்காமல் கொள்ளாமல் குழந்தையைத் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"இந்த ஓடு நிக்காது டீச்சர். வாங்க."

அவருடைய கூடம் கல்சுவர். தகரக் கூரையை நான்கு பக்கமும் இரும்புக் கயிறு போட்டுத் தரையில் முளையடித்துக் கட்டியிருந்தார். ஊர் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறது. கம்பி போட்ட சின்னச் சாளரங்கள் உச்சியில் இருந்தன. தெற்குப் பார்த்து ஒரே ஒரு கதவு. தெருவிலிருந்து முப்பது பேரை அதட்டியும் இழுத்தும் உள்ளே சேர்த்தார். வர மறுத்த ஒரு கிழவரைப் பாயோடு சுருட்டிக்கொண்டு வந்தார்.

இரண்டு மணிக்கே இருட்டியது. காற்று வடக்கிலிருந்து வந்து மோதியது. தறிகளுக்கு நடுவில் நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து கிடந்தோம். பக்கத்தில் எங்கள் வீட்டு ஓடுகள் சரிந்து நொறுங்குவது கேட்டது. தெருவில் என்னென்னவோ உருண்டன. பிறகு எல்லாம் நின்றது.

சாளரத்தில் வெளிச்சம் விழுந்தது. யாரோ சாமி பெயரைச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். என் கணவர் எழுந்தார்.

"நின்னுட்டு. பசுமாட்டை அவுத்து விட்டுட்டு வந்துருதேன்."

கப்பல்காரர் கதவுக்கு முதுகு கொடுத்து நின்றார். கையில் தறியின் இரும்புக் கம்பி. "உக்காரும்வே."

"பின்னாலதான் கட்டியிருக்கு. ரெண்டே நிமிசம் அண்ணாச்சி."

"உக்காரும்னு சொல்லுதேன்."

என் கணவர் அவரைத் தள்ளிவிட்டுத் தாழ்ப்பாளில் கை வைத்தார். கம்பி இறங்கியது. எலும்பு முறியும் சத்தத்தை நான் அன்றுதான் முதலில் கேட்டேன், பச்சை முருங்கைக் கொப்பு முறிகிற மாதிரி. அவர் சுருண்டு விழுந்தார். நான் கப்பல்காரர் மேல் பாய்ந்து முகத்தைக் கீறினேன். நீ மனிதனா, மிருகமா என்று கத்தினேன். இந்த அமளியில் மாடசாமி கதவைத் திறந்துகொண்டு தன் வீட்டைப் பார்க்க ஓடியதை யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது கதவு ஆடிக்கொண்டிருந்தது. கப்பல்காரர் வாசலில் நின்று அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். பதில் இல்லை. தெற்கே வானம் கறுத்து வந்தது. கதவைச் சாத்தி இரும்புச் சட்டத்தைக் குறுக்கே போட்டார்.

இரண்டாவது காற்று முதல் காற்றைவிடக் கொடியது. அது தெற்கிலிருந்து, நேராகக் கதவின் மேல் வந்தது. எங்கள் மாட்டுக் கொட்டகை இருந்த திசையில் மரம் ஒன்று வேரோடு சாய்ந்து தரை அதிர்ந்தது. அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

"அண்ணாச்சி! அண்ணாச்சி, திறங்க!"

மாடசாமியின் மனைவி கதவை நோக்கித் தவழ்ந்தாள். திறந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையைத் தூக்கிக்கொண்டு போகும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தகரம் ஏற்கெனவே துள்ளிக்கொண்டிருந்தது. திறக்கக் கூடாது என்று ஒரு பெண் குரல் உச்சத்தில் அலறியது. "திறக்காதீங்க! பிள்ளைங்க இருக்கு, திறக்காதீங்க!" அது என் குரல்.

கப்பல்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் என் நகம் கீறிய ரத்தம் இருந்தது. குனிந்து என் காதருகே பேசினார்.

"சரி டீச்சர். நான் போறேன். நாலு பேரு கதவைப் புடிங்க, நான் தாண்டுன உடனே சாத்திருங்க. பொறவு நானே தட்டுனாலும் திறக்கப்படாது. நீங்கதான் சட்டத்துக்குக் காவல்."

ஒரு ஆள் நுழையும் அளவுக்குத்தான் கதவு திறந்தது. அந்த ஒரு நொடியில் மூலையிலிருந்த தகரம் ஒன்று பிய்ந்து பறந்தது. மழை உள்ளே கொட்டியது. கதவுக்கு வெளியே மாடசாமி இல்லை. காற்று அவரை இழுத்துப்போயிருந்தது. கப்பல்காரர் அந்த இருட்டுக்குள் குனிந்து இறங்கினார். நான்கு பேர் கதவை நெருக்கிச் சாத்தினார்கள். நான் சட்டத்தைப் போட்டேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கதவில் தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தட்டு, நிறுத்தி மூன்று தட்டு. காற்று அப்படித் தட்டாது.

"திறந்து விடுட்டி!" என்று கத்தியது என் கணவர். முறிந்த கையை மார்போடு பிடித்தபடி சுவரில் சாய்ந்திருந்தார். "அவருதான் தட்டுதாரு. திறட்டி!"

நான் சட்டத்தின் மேல் முதுகைச் சாய்த்துக் காலைத் தரையில் ஊன்றினேன். மாடசாமியின் மனைவி என் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். கன்னத்தில் அறைந்தாள். கடித்தாள். நான் நகரவில்லை. மூன்று, மறுபடி மூன்று. ஒவ்வொரு தட்டும் என் முதுகெலும்பில் விழுந்தது. பிறகு அது நின்றுவிட்டது.

மழை வெறித்தபோது இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. தெருமுனைக் கல்பாலத்துக்கு அடியில் இருவரையும் உயிரோடு கண்டுபிடித்தார்கள். கழுத்தளவு தண்ணீரில், ஒரு கையால் கல்லைப் பற்றிக்கொண்டு, மறு கையால் மாடசாமியின் முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார் கப்பல்காரர். பறந்து வந்த தகரம் அவர் முதுகை இடுப்புவரை கிழித்திருந்தது. கல்லைப் பற்றியிருந்த கையை விடுவிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. எங்கள் பசு புளியமரத்துக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. என் கணவர் போயிருந்தால் அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் நின்றிருப்பார்.

பத்து நாள் கழித்துத்தான் எனக்கு ஆஸ்பத்திரிக்குப் போகத் துணிவு வந்தது. அவர் குப்புறப் படுத்திருந்தார்.

"தட்டுனது கேட்டுதா டீச்சர்?"

பொய் சொல்லலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். "கேட்டுது அண்ணாச்சி."

"தட்டக் கூடாதுன்னுதான் நெனைச்சேன். கை கேக்கல. பொறவுதான் மாடசாமியை இழுத்துக்கிட்டுப் பாலத்தடிக்குப் போனேன்." சற்று நேரம் தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டார். "பிள்ளைக்கு ஒண்ணும் இல்லியே?"

"இல்ல."

"தூங்குதீங்களா?"

"இல்ல அண்ணாச்சி. கண்ணை மூடினாத் தட்டுற சத்தம்."

"இருக்கும் டீச்சர்" என்றார். "ஆனா நான் செத்திருந்தாலும் உங்க மேல தப்பில்ல. வேற யார் சொல்லியும் உங்களுக்கு ஆறாது. நான் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. தப்பில்ல."

நான் அந்தக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும், "நீங்க அன்னைக்குச் சாத்தினதும் தப்பில்ல அண்ணாச்சி" என்றேன். அவர், "கடையநல்லூருக்கு ஒருக்கப் போவணும். கூட வாரீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

தை மாதம் போனோம். முதுகு ஆறாததால் பஸ்ஸில் சாயாமல் நிமிர்ந்தே உட்கார்ந்து வந்தார். அந்த வீட்டு நடையில் காதரின் அண்ணன் வாசலை மறித்து நின்றார். அவருக்குப் பின்னால், வெள்ளைச் சேலை முக்காட்டில், காதரின் உம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கப்பல்காரர் படியேறவில்லை. தெருவிலேயே நின்று பேசினார்.

"உம்மா, கதவைச் சாத்துனவன் வந்திருக்கேன். கேட்டதுக்கு அன்னைக்குப் பதில் சொல்லல. தட்டுனான் உம்மா. ரொம்ப நேரம் தட்டுனான். என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே தட்டுனான். எனக்குக் கேட்டுது. நான் திறக்கல."

அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் எதையோ ஓதியது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தாள்.

"என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டான்?"

அவர் சொன்னார். கப்பலில் காதர் அவருக்கு வைத்த செல்லப் பேர். மகன் எழுதிய கடிதங்களில் எல்லாம் வந்த பேராக இருக்க வேண்டும். கேட்டதும் அவள் முகம் அதிர்ந்தது. அத்தனை வருடம் பக்கத்து வீட்டில் இருந்தும் நான் அதைக் கேட்டதில்லை. இங்கே எழுதவும் மாட்டேன்.

அவள் அந்தப் பேரைச் சொல்லி அவரை அழைத்தாள்.

"வெயில்ல நிக்காத. உள்ள வா" என்றாள்.

அண்ணன் ஒதுங்கி வழிவிட்டார்.